உங்களுக்குப் பிடித்த ரெட் ஒயினைத் துவர்ப்பிலிருந்து தேடுங்கள்

பிரான்சில் லியோன் நகரத்தின் குரோவா-ரூஸ் மேட்டில் இருக்கும் ஒரு சின்ன ஒயின் கடையில் 11 வருடமாக வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் புதுச்சேரி. போன அக்டோபரில் ஒரு தம்பி கடைக்கு வந்தான். வில்லியனூர்ப் பையன், இங்கே படிக்க வந்திருக்கிறான். அலமாரிகளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அக்கா, ரெட் ஒயின்ல எதுக்கா நல்லது?" என்று கேட்டான்.

எது நல்லது என்று கேட்டால் என் கை சிரா என்ற திராட்சை ரகத்தில் செய்த ஒயின் வைத்திருக்கும் தட்டுக்குத்தான் போகும். ஆனால் அது என் நாக்கு கேட்பது. அவன் நாக்கு எதைக் கேட்கிறது என்று பார்க்கலாம் என்று சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வரச் சொன்னேன். அன்றும் மறுநாளும் நாங்கள் செய்ததை அப்படியே எழுதுகிறேன். நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம்.

குடிக்காதவர்கள் இதைப் படித்துவிட்டுத் தொடங்க வேண்டாம். எவ்வளவு குறைந்த அளவு ஆல்கஹாலும் உடம்புக்குப் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகவே அறிவித்தது. பிரான்சின் பொதுச் சுகாதாரத் துறை குடிப்பவர்களுக்குச் சொல்லும் வரம்பு வாரத்துக்கு 10 கிளாஸ், ஒரு நாளில் 2 கிளாஸ், நடுவில் குடிக்காத நாட்களும் இருக்க வேண்டும். அங்கே ஒரு கிளாஸ் என்பது 10 சென்டிலிட்டர்தான். நான் அந்த வரம்புக்குள் இருக்கிறேன். குறைவாகக் குடிப்பதால்தான் ஒவ்வொரு வாயையும் கவனித்துக் குடிக்க முடிகிறது.

தம்பி வந்ததும் முதலில் ஒயின் கொடுக்கவில்லை. டீ போட்டேன். பால் இல்லாத கட்டன் டீ, இரண்டு கப். ஒன்றில் தேயிலை 2 நிமிடம், இன்னொன்றில் 10 நிமிடம். சர்க்கரை கிடையாது. இரண்டாவதைக் குடித்ததும் அவன் முகம் சுருங்கியது. "மேல் உதட்டுக்கு உள்பக்கம் நாக்கால தடவிப் பாரு" என்றேன். பல்லின் மேல் உதடு ஒட்டிக்கொண்டு, நாக்கு வழுக்காமல் சொரசொரவென்று நகர்ந்தது. "துவர்க்குதுக்கா" என்றான்.

அந்த ஒரு வார்த்தை போதும். ரெட் ஒயினின் அடிப்படையே துவர்ப்புதான். டானின் என்று சொல்கிறார்களே, அது எச்சிலில் இருக்கும் புரதத்தோடு சேர்ந்து அதைப் பிடித்துக்கொள்கிறது. எச்சிலின் வழுவழுப்பு போய் வாய் காய்ந்த மாதிரி ஆகிறது. கடைக்கு வருகிற பிரெஞ்சுக்காரர்களில் பாதிப் பேர் இதைக் கசப்போடு குழப்பிக்கொள்கிறார்கள். நமக்கோ அறுசுவையில் அதற்குத் தனி இடமே இருக்கிறது. வாழைப்பூ, கொய்யாப்பிஞ்சு, நாவல்பழம், கொட்டைப்பாக்கு என்று சின்ன வயதிலிருந்தே வெவ்வேறு அளவுத் துவர்ப்பைச் சாப்பிட்டு வளர்ந்திருக்கிறோம். ஒயின் புத்தகங்களில் வரும் செர்ரி, சிடார் மரம், ஈரமண் வாசனைப் பட்டியலைப் பார்த்து, எனக்கு ஒன்றும் தெரியவில்லையே என்று யாரும் சங்கடப்பட வேண்டாம். வாசனை மெல்ல வரும். முதலில் துவர்ப்பைப் பிடியுங்கள்.

அப்புறம் அந்த 10 நிமிட டீயில் கொஞ்சம் பால் ஊற்றிக் குடிக்கச் சொன்னேன். துவர்ப்பு பாதிக்கும் மேல் போய்விட்டது. பாலில் இருக்கும் புரதம் டானினைப் பிடித்துக்கொள்வதால், எச்சிலைப் பிடிக்க மிச்சம் குறைவாகவே இருக்கிறது. துவர்ப்பு அதிகமான ஒயினோடு சீஸும் இறைச்சியும் சாப்பிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். வாழைப்பூவை நறுக்கி மோரில் போடும் கை அம்மாவுடையது. அவரிடம் இதைச் சொன்னால் ஆச்சரியப்படவே மாட்டார்.

இந்தத் துவர்ப்பு எங்கிருந்து வருகிறது? விதையுள்ள கறுப்புத் திராட்சை நாலு வாங்கிக்கொள்ளுங்கள். சதையை மட்டும் தனியாகச் சாப்பிடுங்கள். தோலைத் தனியாக மெல்லுங்கள். கடைசியில் ஒரு விதையைக் கடியுங்கள். சதையில் இனிப்பும் புளிப்பும்தான், நிறம்கூட அநேகமாக இல்லை. நிறம் முழுக்கத் தோலில். துவர்ப்பு தோலிலும் விதையிலும். சாற்றைத் தோலோடும் விதையோடும் சேர்த்தே நாள் கணக்கில், சில சமயம் வாரக் கணக்கில் ஊறப் போட்டுப் புளிக்க வைப்பதுதான் ரெட் ஒயின். ஒரு செப்டம்பரில் தேன்-லெர்மிதாஜ் ஊருக்குப் போயிருந்தேன். ரோன் ஆற்றங்கரை, இங்கிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். செங்குத்தான கருங்கல் மலையில் படிப்படியாகச் செடிகள். அங்கே அறுவடை செய்துகொண்டிருந்த ஒரு அம்மா சிராக் கொத்தொன்றை என் கையில் கொடுத்தார். பழம் கொண்டைக்கடலையைவிடக் கொஞ்சம்தான் பெரிது. உள்ளே விதையும் தோலுமே அதிகம். இவ்வளவு சின்னப் பழத்தில் இவ்வளவு தோல் இருப்பதால்தான் ஒயின் அப்படிக் கறுக்கிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

ஒரு விஷயம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நம்மில் பலருக்கு ஒயின் என்றால் கிறிஸ்துமஸுக்கு வீட்டில் பன்னீர் திராட்சையில் சர்க்கரையும் பட்டையும் கிராம்பும் போட்டுச் செய்வதுதான் நினைவு. அது இனிக்கும். இங்கே பேசும் ரெட் ஒயின்களில் பழத்தின் சர்க்கரையை ஈஸ்ட் ஏறக்குறைய முழுவதும் ஆல்கஹாலாக மாற்றிவிடும். இனிப்பை எதிர்பார்த்து முதல் வாய் குடித்தால் ஏமாற்றம்தான். தம்பியும் அதை எதிர்பார்த்துத்தான் வந்திருந்தான்.

சரி, பாட்டில்களுக்கு வருவோம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஒயினைக் குடித்தால் எதுவும் தெரியாது. பக்கத்தில் வைத்துப் பார்க்க இன்னொன்று வேண்டும். நான் நாலு எடுத்தேன், நாலும் நாலு ரகத் திராட்சை. பிரெஞ்சு ஒயினில் இருக்கும் பெரிய தொல்லை, லேபிளில் திராட்சையின் பெயர் பெரும்பாலும் இருக்காது, ஊர்ப் பெயர்தான் இருக்கும். அதனால் கொஞ்சம் மனப்பாடம் தேவை. ரெட்டில் பொஜொலே என்று இருந்தால் காமே. பூர்கோன் என்று இருந்தால் அநேகமாகப் பினோ நுவார். ரோன் பள்ளத்தாக்கின் வடக்கில் க்ரோஸ்-எர்மிதாஜ், சேன் ஜோசஃப், கொர்னாஸ், கோத்-ரோத்தி என்றால் சிரா. லுவார் பக்கம் ஷினோன், பூர்கேய் என்றால் கபர்னே ஃபிரான். போர்தோ பெரும்பாலும் கலவை: ஆற்றின் இடது கரையில் மெதோக் பக்கம் கபர்னே சொவிஞோன் தூக்கலாக இருக்கும், வலது கரையில் சேன் தெமிலியோன், பொமரோல் பக்கம் மெர்லோ தூக்கலாக இருக்கும். ஒரே ரகத்தைத் தனியாகக் குடித்துப் பார்க்க நினைப்பவர்களுக்குத் தெற்கே பேய் தோக் என்ற வகை நல்லது. விலையும் குறைவு, ரகத்தின் பெயரையும் லேபிளிலேயே போட்டுவிடுவார்கள்.

அன்றைக்கு நான் வைத்தவை: பொஜொலேயில் ஃப்ளூரி, சாதாரணப் பூர்கோன் ஒன்று, க்ரோஸ்-எர்மிதாஜ், பேய் தோக் கபர்னே சொவிஞோன். நாலும் சேர்த்து 60 யூரோவுக்குள். நாலு பேர் பகிர்ந்தால் ஆளுக்கு 15 யூரோ ஆகிறது. என் கணவரையும் மாடி வீட்டு அம்மாவையும் சேர்த்துக்கொண்டோம்.

பாட்டில்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றி 1, 2, 3, 4 என்று எழுதிவிட்டேன். இதைத் தயவுசெய்து விடாமல் செய்யுங்கள். லேபிளையும் விலையையும் பார்த்துவிட்டால் நாக்கு தானாக எதுவும் சொல்லாது, மூளை சொன்னதைத்தான் திருப்பிச் சொல்லும். ஊற்றும் வரிசை லேசானதிலிருந்து கனமானதற்கு. கபர்னேக்குப் பிறகு பினோவைக் குடித்தால் பினோ தண்ணீர் மாதிரி இருக்கும்.

கிளாஸ் மேல் பக்கம் கொஞ்சம் குறுகியிருந்தால் நல்லது, வாசனை உள்ளேயே நிற்கும். அதைத் தவிர விலை உயர்ந்த கிளாஸ் எதுவும் தேவையில்லை. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். நாங்கள் ஊற்றியது 5 சென்டிலிட்டர். வெள்ளைத் தாளின் மேல் சாய்த்துப் பாருங்கள்: கிளாஸுக்குக் கீழே விரல் தெரிந்தால் அநேகமாகத் தோல் மெல்லிய ரகம். சுற்றி, மூக்கை உள்ளே விட்டு முகர்ந்துவிட்டு, ஒரு வாய் எடுத்து ஈறுகள் எல்லாம் படும்படி வாய்க்குள் ஐந்து எண்ணும்வரை வைத்திருங்கள். துப்புவதற்கு ஒரு சொம்பு வைத்தேன். தம்பிக்கு அது கூச்சமாக இருந்தது. இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோரும் துப்பித்தான் ருசி பார்க்கிறோம், இல்லாவிட்டால் மூன்றாவது கிளாஸுக்கு மேல் வித்தியாசமே தெரியாது.

துப்பிய பிறகுதான் முக்கியமான வேலை. இரண்டைப் பாருங்கள். தலையைக் கொஞ்சம் குனிந்துகொண்டு காத்திருந்தால் நாக்குக்கு அடியில், பக்கவாட்டில், எச்சில் ஊறும். எவ்வளவு ஊறுகிறதோ அவ்வளவு புளிப்பு. அடுத்து மேல் உதட்டுக்கு உள்பக்கம் நாக்கை விட்டுத் தடவுங்கள். எவ்வளவு சொரசொரக்கிறதோ அவ்வளவு துவர்ப்பு. புளிப்பு ஊற வைக்கிறது, துவர்ப்பு காய வைக்கிறது. இரண்டும் ஒரே ஒயினில் இருக்கும், எது எவ்வளவு என்பதில்தான் ரகங்கள் வேறுபடுகின்றன. மூன்றாவதாகத் தொண்டையில் இறங்கும் சூடு. அது ஆல்கஹால். லேபிளில் 12.5 என்றோ 14.5 என்றோ போட்டிருப்பதை அங்கேயே உணரலாம்.

எழுதிக்கொள்ள ஒரு நோட்டு வேண்டும். அதில் "இளம் செம்பருத்தி நறுமணம்" என்றெல்லாம் எழுத வேண்டாம். நம் துவர்ப்பு ஏணி ஒன்றைத் தம்பிக்குப் போட்டுக் கொடுத்தேன்: கொய்யாப்பிஞ்சு, வாழைப்பூ, நாவல்பழம், கொட்டைப்பாக்கு. என் அளவில் பினோ நுவார் முதல் படி, காமே முதலுக்கும் இரண்டாவதற்கும் நடுவில், சிரா மூன்றாவதை நெருங்கும், கபர்னே சொவிஞோன் மூன்றாவதைத் தாண்டும். இத்தாலியில் பரோலோ என்ற ஒயினைச் செய்யும் நெபியோலோ ரகம்தான் பாக்கு. நிறத்தில் அது வெளிர் சிவப்பு. பார்த்து ஏமாந்து பெரிய வாயாகக் குடித்தால் ஈறு இழுக்கும். விளைந்த இடத்தையும் வருடத்தையும் பொறுத்து எல்லாமே ஒரு படி ஏறலாம், இறங்கலாம்.

மூன்றாவது பாட்டில் வந்ததும் எனக்குக் குஷி. சிராவை முகர்ந்தால் எனக்கு அரைத்த மிளகுதான் வரும். புதுச்சேரி வீட்டில் ஞாயிற்றுக்கிழமை அம்மி பக்கத்தில் நிற்கிற மாதிரி இருக்கும். இந்த ரகத்தை நான் விரும்புவதற்கே அதுதான் காரணம். "மிளகு தெரியுதா?" என்று ஆசையாகக் கேட்டேன். இன்னொரு முறை முகர்ந்தான். "இல்லக்கா, ஒண்ணும் வரல." மாடி வீட்டு அம்மாவுக்கு வந்தது, என் கணவருக்கு வந்தது, அவனுக்கு வரவில்லை. அவன் தப்பு ஒன்றுமில்லை. மிளகில் இருக்கும் ரோட்டண்டோன் என்ற பொருளேதான் சிராவிலும் இருக்கிறது என்று 2008-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அவர்கள் முகரச் சொன்னவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு, சோதித்ததிலேயே அதிகமான அளவில்கூட அந்த வாசனை தெரியவில்லை. சிலருக்கு மூக்கு அப்படி. நிபுணர் ஒருவர் எழுதிய வாசனை உங்களுக்கு வராவிட்டால் விட்டுவிடுங்கள், அந்த ஒயின் உங்களுக்கு வேறொன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். துவர்ப்பு அப்படி ஒருவருக்கு வந்து ஒருவருக்கு வராமல் போவதில்லை. அதனால்தான் அதிலிருந்து தொடங்கச் சொல்கிறேன்.

நாலையும் முடித்ததும் எது பிடித்தது என்று கேட்டேன். "நாலாவதுதான்கா. ஸ்ட்ராங்கா இருக்கு. ஒயின்னா இப்படித்தான இருக்கணும்?" என்றான். அதாவது கபர்னே சொவிஞோன். நான் ஒன்றும் சொல்லவில்லை, காகிதத்தையும் பிரிக்கவில்லை. தக்கையைத் திருப்பிச் செருகி நாலையும் ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் மத்தியானம் சாப்பிட வரச் சொன்னேன்.

திறந்த பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைத்தால் 3 நாள், சில ஒயின்கள் 5 நாள்கூட நன்றாகவே இருக்கும். ரெட் ஒயினை ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். அறை வெப்பத்தில் பரிமாற வேண்டும் என்று பிரெஞ்சுக்காரர்கள் சொல்லத் தொடங்கிய காலத்தில் அவர்கள் அறை 16, 18 டிகிரிதான். சென்னையிலும் கொழும்பிலும் அறை 30-க்கு மேல். அந்தச் சூட்டில் ஆல்கஹால்தான் முன்னால் வந்து நிற்கும், பழம் காணாமல் போய்விடும். கபர்னே, சிராவைக் குடிக்கும் முன் கொஞ்ச நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். காமே, பினோவை இன்னும் அதிக நேரம் வையுங்கள். 13 டிகிரி வாக்கில் அவை அருமையாக இருக்கும். குளிரக் குளிரத் துவர்ப்பு கூடித் தெரியும், அதனால் கபர்னேயை மட்டும் ரொம்பக் குளிர வைக்காதீர்கள்.

சூடு பற்றி இன்னொன்று. எங்கள் பெரியப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், ஊரில் சொல்தா வீடு என்றால் எல்லோருக்கும் தெரியும். ஓய்வு பெற்று வரும்போது கொண்டுவந்த நல்ல போர்தோ ஒன்றை ஷோகேஸில் நிறுத்தியே 12 வருடம் வைத்திருந்தார். என் கல்யாணத்துக்குத்தான் திறந்தார். நிறம் செங்கல் தூள், வாசனை காய்ச்சிய ஜாம். புதுச்சேரியின் 12 மே மாதங்கள் அதற்குள் இருந்தன. அவர் ஒரு வாய் குடித்துவிட்டுக் கிளாஸைக் கீழே வைத்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. கடையில் கிடைக்கும் பெரும்பாலான ரெட் ஒயின்கள் நாலைந்து வருடத்துக்குள் குடிப்பதற்காகச் செய்தவை. குளிர்ந்த இருட்டு இடம் இல்லையென்றால் சேர்த்து வைக்காதீர்கள். வாங்கிய மாதமே குடித்துவிடுங்கள்.

கெட்டுப்போன பாட்டிலும் சில சமயம் வரும். மழையில் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை அடித்தால் தக்கையில் கோளாறு. உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் ஒயினின் பழவாசனை செத்திருக்கும். தயங்காமல் திருப்பிக் கொடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி. மிளகு போட்டு வறுத்தது ஒரு பக்கம், காய்ந்த மிளகாய் அரைத்த குழம்பு ஒரு பக்கம். நாலு பாட்டிலையும் காகிதம் சுற்றியபடியே மேசை நடுவில் வைத்து, ஆளுக்கு ஒரு கிளாஸ் கணக்கு, எது வேண்டுமோ கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொள்ளுங்கள் என்றேன். மிளகு வறுவலோடு சிரா எனக்குச் சொர்க்கம். மிளகாய்க் குழம்போடு நாலாம் நம்பரைக் குடித்த தம்பி உடனே தண்ணீர்ச் சொம்பைத் தேடினான். மிளகாயின் எரிச்சலை ஆல்கஹால் கூட்டும், துவர்ப்பும் சேர்ந்தால் வாய் தாங்காது. புளிக்குழம்பு வேறு விதம். சாப்பாடு ஒயினைவிடப் புளிப்பாக இருந்தால் ஒயின் சப்பென்று ஆகிவிடும். வத்தக்குழம்போடு எந்த ரெட்டையும் வீணாக்காதீர்கள். நம் காரச் சாப்பாட்டுக்குத் துவர்ப்பும் ஆல்கஹாலும் குறைந்த, புளிப்பு உள்ள, நன்றாகக் குளிர்ந்த ஒயின்தான் ஒத்துவரும்.

சாப்பாடு முடிந்ததும் பாட்டில்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தோம். ஒருவருக்கு என்ன பிடிக்கும் என்று அறிய எனக்குத் தெரிந்த சிறந்த வழி இதுதான். வாய் சொல்வதைக் கேட்காமல் எந்தப் பாட்டிலில் மட்டம் இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். நாலாம் நம்பர் ஏறக்குறைய நேற்று வைத்த மாதிரியே இருந்தது. தம்பியின் கை திரும்பத் திரும்பப் போனது இரண்டாம் நம்பருக்கு. காகிதத்தைப் பிரித்தேன். ஃப்ளூரி. காமே.

காமே என்றால் இங்கேயே சிலர் உதட்டைப் பிதுக்குவார்கள். நவம்பர் மூன்றாவது வியாழக்கிழமை வரும் பொஜொலே நுவோவை மட்டும் குடித்துவிட்டுக் காமே அவ்வளவுதான் என்று நினைப்பவர்கள் அவர்கள். 1395-ல் பூர்கோன் கோமகன் பிலிப் காமேச் செடியை மட்டமான செடி என்று பழித்து, தன் நாட்டிலிருந்து அடியோடு பிடுங்கச் சொல்லி ஆணை போட்டார். பினோவின் பெருமையைக் காப்பாற்றுவதுதான் அவர் நோக்கம். 1999-ல் மரபணுவைப் பார்த்தபோது காமேயே பினோவின் பிள்ளை என்று தெரிந்தது. துரத்திய செடி தெற்கே பொஜொலேயின் கருங்கல் குன்றுகளில் நன்றாக வேரூன்றிவிட்டது. அங்கே மொர்கோன், ஃப்ளூரி, மூலேன்-ஆ-வான் என்று பத்து இடங்கள் தங்கள் பெயரிலேயே ஒயின் போடுகின்றன. லியோனில் சாப்பாட்டுக் கடைகளில் அடி தடித்த 46 சென்டிலிட்டர் பாட்டிலில் இதைத்தான் கொண்டுவந்து வைப்பார்கள்.

பிடித்த ரகம் தெரிந்துவிட்டால் உடனே இன்னொன்றுக்குத் தாவாதீர்கள். அதே ரகத்தை மூன்று வேறு ஊர்களிலிருந்து, முடிந்தால் ஒரே வருடத்தில் விளைந்ததாக வாங்கி, மறுபடியும் காகிதம் சுற்றிக் குடித்துப் பாருங்கள். இந்தியாவில் இருப்பவர்களுக்குக் காமே கிடைப்பது கஷ்டம். நாசிக் பக்கத்து ஷிராஸ் சுலபமாகக் கிடைக்கும். ஷிராஸ் என்பது சிராவேதான். அதையும் கபர்னேயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தொடங்கலாம்.

தம்பி டிசம்பரில் மறுபடி கடைக்கு வந்தான். நான் சொன்னபடி ஃப்ளூரி, மொர்கோன், மூலேன்-ஆ-வான் மூன்றையும் நண்பர்களோடு பங்கு போட்டுக் குடித்திருந்தான். நோட்டைக் கையோடு கொண்டுவந்திருந்தான். மூலேன்-ஆ-வானுக்கு நேரே எழுதியிருந்தது: "வாழைப்பூ. நாவல்பழம் அளவுக்கு இல்லை. எச்சில் நல்லா ஊறுது. மீன் வறுவலுக்குக் கேட்டா ஃப்ளூரி, கறிக்கு இது." அதில் இரண்டு பாட்டில் எடுத்துக்கொண்டு போனான்.